யார் காசு?

ரோமாபுரிக்குப் போய் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வந்த சென்னைக்காரர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். 'பத்து நாளில் ஐரோப்பா' டூரில் அது கட்டாய அயிட்டம். மைக்கேலாஞ்சலோவின் கோபுரத்துக்குக் கீழே அண்ணாந்து நின்று எடுத்த போட்டோவும் இருக்கும். அவர்களில் ஒருவரைப் பிடித்து, "ராயபுரத்திலும் ஒரு செயின்ட் பீட்டர்ஸ் இருக்கே, போயிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ராயபுரமா? அங்கே என்ன சார் இருக்கு?" என்பார்.

ராயபுரத்தில் ராயப்பர் இருக்கிறார். பழைய தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு பீட்டர் 'பேதுரு' அல்ல, இராயப்பர். பவுல் சின்னப்பர். யோவான் அருளப்பர். கேட்கும்போதே பெரியப்பா, சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடுகிற மாதிரி இல்லை? அந்த இராயப்பர் பேரால்தான் ராயபுரம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆக, ரோமில் பார்த்தவரும் ராயபுரத்தில் இருப்பவரும் ஒரே ஆள். ஒருவரைப் பார்க்க விசா எடுத்துப் போகிறோம். இன்னொருவருக்கு பீச் ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் டிக்கெட் போதும். அதை எடுக்க மனசு வருவதில்லை.

தூரத்துப் பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று இதை விட்டுவிடலாம். ஆனால் என்னுடைய குறை அது இல்லை. ரோமுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். கோயிலோ சர்ச்சோ தர்காவோ, ஊர் சுற்றப் போகிற இடத்தில் நாம் என்ன பார்க்கிறோம், என்ன கேட்கிறோம் என்பதில்தான் தகராறு.

டிராவல்ஸ்காரர்கள் கொடுக்கும் நோட்டீஸை எடுத்துப் படியுங்கள். எந்த வழிபாட்டுத் தலமாக இருந்தாலும் மூன்றே மூன்று விஷயம். எத்தனை வருஷப் பழசு, எத்தனை அடி உயரம், எதில் 'ஒரே' அல்லது 'முதல்'. அதற்குக் கீழே ஒரு வரி: கேட்ட வரம் கிடைக்கும். இதற்கு சர்ச், கோயில் பேதமே கிடையாது. கைடும் இதைத்தான் ஒப்பிக்கிறார். நாமும் தலையை ஆட்டிவிட்டு, செருப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வெளியே வந்துவிடுகிறோம்.

'ஒரே' என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சாந்தோம் பேராலயத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் ஒரு வாக்கியம் எழுதுவார்கள்: இயேசுவின் அப்போஸ்தலர் ஒருவருடைய கல்லறை மேல் கட்டப்பட்ட ஆலயங்கள் உலகத்திலேயே மூன்றுதான், ரோம், ஸ்பெயினில் சாந்தியாகோ, அப்புறம் நம்ம சாந்தோம். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இத்தாலியில் சலேர்னோ என்ற ஊரில் அவர்கள் ஊர் ஆலயத்தில் மத்தேயு இருக்கிறார் என்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் அமால்பியில், எங்கள் ஆலயத்தில் அந்திரேயா என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே இத்தாலியில் ஓர்த்தோனா என்ற துறைமுக ஊர், 1258 முதல் தோமையாரின் எலும்புகளே எங்களிடம்தான் என்கிறது. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. அதில் மூக்கை நுழைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் 'உலகத்திலேயே மூன்று' என்பது நம்பிக்கை இல்லை, விளம்பர வாசகம். சாந்தோமுக்கு அது தேவையும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ அந்தக் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருவதையும், காய்ச்சலுக்கு மருந்தாக அந்த இடத்து மண்ணை எடுத்துப் போவதையும் சொல்கிறார். ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களின் பிழைப்பு தென்னை மரங்களால் நடக்கிறது, மரத்துக்கு இவ்வளவு என்று ராஜாவுக்கு வரி கட்டுகிறார்கள் என்பதையும் விடவில்லை. வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா. நம்முடைய நோட்டீஸ்களில் அடி, உயரம், ஆண்டு எல்லாம் இருக்கிறது. அந்தத் தென்னை மரம் இல்லை.

நானும் பி.காம். படித்தவன். கட்டடக்கலை தெரியாது. கோதிக் வளைவுக்கும் மற்ற வளைவுக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் முழிப்பேன். ஆனால் பெரிய கட்டடம் எதைப் பார்த்தாலும் முதலில் தோன்றுவது, 'இது யார் கணக்கில் ஆன செலவு?' என்பதுதான். கொச்சையான கேள்வியாகத் தெரியலாம். ஆனால் கிறிஸ்தவ உலகத்தையே இரண்டாக உடைத்த கேள்வி இது. ரோமில் செயின்ட் பீட்டர்ஸைப் புதிதாகக் கட்ட 1506இல் அஸ்திவாரம் போட்டார்கள். செலவு கட்டுக்கடங்காமல் போனது. 'காசு கொடு, பாவத்துக்கான தண்டனை குறையும்' என்று ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்று வசூல் செய்தார்கள். அந்த வசூலில் ஒரு பங்கு, ஜெர்மனியின் ஆர்ச்பிஷப் ஒருவர் பதவிக்காக வட்டிக்கடையில் வாங்கியிருந்த கடனுக்குப் போனது. 1517இல் மார்ட்டின் லூத்தர் என்ற துறவி இதை எதிர்த்து 95 வாதங்களை எழுதினார். பிற்பாடு நடந்ததெல்லாம் பள்ளிக்கூட சரித்திரம். அந்த லூத்தர் வழி வந்த சீகன்பால்குதான் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தவர். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் கழுத்துவலிக்கு ஓர் அர்த்தம் உண்டு.

இப்போது ராயபுரத்துக்கு அதே கேள்வி. இங்கே யார் காசு?

படகோட்டிகள் காசு. ராஜா கட்டவில்லை, கம்பெனி துரை கட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், படகோட்டிப் பிழைத்த கிறிஸ்தவச் சமூகத்தார் தங்கள் பணத்தில் எழுப்பிய கோயில் அது. அவர்களுக்கு ஏது அவ்வளவு பணம் என்று கேட்பீர்கள். அதுதான் இந்த ஊரின் கதை.

மதராஸ் பட்டணத்தை உண்டாக்கிய கம்பெனிக்காரர்கள் கப்பல் வியாபாரத்தை நம்பியவர்கள். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையில் அலை ஆளை அடித்துப் புரட்டும். வெள்ளைக்காரன் கொண்டுவந்த படகு அந்த அலையில் சுக்கு நூறாகிவிடும். தாக்குப்பிடித்தது ஒன்றே ஒன்று, நம்ம ஊர் மசுலா படகு. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு; ஓர் ஆணி கிடையாது. அலை அறைந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். துணி மூட்டை, ஒயின் பீப்பாய், கவர்னர், கவர்னர் சம்சாரம், கடிதம், தங்கம் எல்லாமே அந்தப் படகில்தான் கரையேற வேண்டும். பக்கத்திலேயே கட்டுமரக்காரர் வருவார். படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்க. கப்பலுக்கு அவசரக் கடிதம் என்றால், நனையாத கூம்புத் தொப்பிக்குள் செருகித் தலையில் மாட்டிக்கொண்டு அலைக்குள் பாய்வதும் அவர்தான். அந்தக் காலத்தில் வந்த துரைமார்களின் நாட்குறிப்புகளில் பாதி, இந்தப் படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த புராணம்தான். படகோட்டி கூலி அதிகம் கேட்கிறான் என்ற புலம்பலும் கூடவே உண்டு. ஆட்டோக்காரரைப் பற்றி நாம் புலம்புகிற அதே ராகம்.

சுமார் இரண்டரை நூற்றாண்டு, இந்த ஊருக்கு உள்ளே வந்ததும் வெளியே போனதும் அந்தத் தோள்களில்தான். அந்த உழைப்பின் மிச்சம் ஒரு கோயிலாக நிற்கிறது. நோட்டீஸ் போட்டால் முதல் வரியில் போடவேண்டியது இது. எத்தனை அடி உயரம் என்பது மெதுவாக வரலாம்.

அப்புறம் என்ன ஆயிற்று? 1861இல் கடலுக்குள் இரும்புப் பாலம் நீட்டினார்கள். 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல். வேலை முடிகிற சமயத்தில், 1881 நவம்பர் புயல் அதைச் சாய்த்துவிட்டது. (கடலுக்கு இது பிடிக்கவில்லை என்று அப்போதே யாராவது சொல்லியிருப்பார்கள்.) மறுபடி கட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டு பிறந்து, பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பில் வாசலை வடகிழக்குப் பக்கம் மாற்றிய பிறகு கப்பல்கள் நேராகவே கரைக்கு வந்து நின்றன. மசுலா படகுக்கு வேலை போனது. டிராக்டர் வந்ததும் ஏர்மாட்டுக்கு ஆன கதிதான். தொழில் செத்துப்போனது, கோயில் இருக்கிறது, கும்பிடுகிற ஜனமும் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் அரண்மனைக்காரத் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இதற்கு நேர் எதிர். கட்டிய வியாபாரிகளின் சந்ததி ஊரிலேயே இல்லை. மணிகளும் கல்லறைகளும் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. டூரிஸ்ட்டுகளுக்குப் பிடிப்பது இரண்டாவது வகைதான். அங்கே போட்டோவுக்குள் யாரும் குறுக்கே நடக்கமாட்டார்கள்.

துறைமுகம் இன்னொரு வேலையும் செய்தது. நம் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கிலேயே தேங்கி, பரந்த மெரினாவாக விரிந்தது. 1880களில் கிராண்ட் டப் என்ற கவர்னர் உலாத்துவதற்குச் சாலை போட்டு, இத்தாலியப் பேரும் வைத்தார். வடக்கே? வரவேண்டிய மணல் வரவில்லை, இருந்த மணலையும் அலை வாரிக்கொண்டு போனது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரை அரித்து, குப்பத்து வீடுகள் போய், கடைசியில் கருங்கல்லைக் கொட்டிச் சுவர் வைத்தார்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் போகும்போது கடலுக்கும் நமக்கும் நடுவே பார்க்கிறீர்களே, அந்தக் கல்தான். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு வரவுக்கும் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும். மெரினா வரவு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பற்று.

சென்னையைச் சுற்றிக்காட்டும் டூர் பஸ் ஓடுவது வரவுப் பக்கத்தில் மட்டும்தான். கோட்டைக்குள் 1680இல் பிரதிஷ்டை ஆன செயின்ட் மேரீஸ், கிளைவுக்கு 1753இல் கல்யாணம் நடந்த இடம், பதினைந்து நிமிஷம். அப்புறம் மெரினா, சாந்தோம், மயிலாப்பூர். பஸ் கோட்டையைத் தாண்டி வடக்கே திரும்புவதே இல்லை. வடசென்னை என்றால் சினிமாவில் அரிவாள், நிஜத்தில் கண்டெய்னர் லாரி என்று எல்லோரும் சேர்ந்து முடிவுகட்டி வைத்திருக்கிறோம். மணலி புதுநகரில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் "அங்கே மூச்சு விட முடியுமா?" என்று கேட்காத நண்பர் எனக்கு இல்லை. கேள்வி நியாயம்தான், சில நாள் ராத்திரியில் முடியாது. ஆனால் முந்நூறு வருஷமாக ஊருக்குச் சோறு போட்ட கடற்கரை இது. பார்க்க ஒன்றும் இல்லை என்பது கண்ணின் கோளாறு.

வாரக் கடைசியில் 'ஹெரிடேஜ் வாக்' நடத்துகிறவர்கள் சிலர் ராயபுரம் வரை வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் பெரும்பாலும் 1856இல் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறார்கள். தூண்கள் அழகுதான். ஸ்டேஷனைத் தாண்டி நாலு தெரு நடந்தால் தமிழ்நாட்டிலேயே ஒரே பார்சி அக்னி ஆலயம் இருக்கிறது. (இந்த 'ஒரே' நிஜமான ஒரே.) 1910இல் கிளப்வாலா என்ற பார்சிக் குடும்பத்துத் தகப்பன், இறந்துபோன தன் மகன் ஜால் நினைவாகக் கட்டியது. பிள்ளை பேர்தான் கோயில் பேர். உள்ளே எரியும் நெருப்பைப் பார்சிகள் மட்டும்தான் பார்க்கலாம். நமக்கு வாசல்தான்.

அந்த வாசலில் நின்றுவிட்டு வருவதும் ஒரு பயணம்தான் என்பேன். டிக்கெட் எடுத்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் சுற்றுலா நமக்குக் கற்றுக்கொடுத்தது. வழிபாட்டு இடம் மியூசியம் இல்லை. ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கிழவியின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுகிற உரிமையை எந்த யுனெஸ்கோவும் நமக்குக் கொடுக்கவில்லை. இன்னொன்று, சர்ச்சுக்குள் கோதிக் ஜன்னலைத் தேடுகிறவர்கள், வாசலில் நிற்கும் கொடிமரத்தைக் கவனிப்பதில்லை. கொடியேற்றம், சப்பரம், தேர், மொட்டை, எல்லாம் நம்மூர் மாதா கோயிலில் உண்டு. அக்கம்பக்கத்து ஜனத்துக்கு எந்தப் புனிதர் பேரில் இருந்தாலும் சர்ச் என்றால் 'மாதா கோயில்'தான். ராயப்பர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஐரோப்பாவில் கிடைக்காத சங்கதி இது. இதைத் தாண்டிப் போய்த்தான் இரண்டாந்தர ஐரோப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

'யார் காசு?' என்ற கேள்வி எப்போதும் இனிப்பாகவே பதில் சொல்லும் என்று நினைக்காதீர்கள். தென்கோடியில், வள்ளியூர்ப் பக்கம் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயம் அங்கே பிரசித்தம். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டு கூடங்கள் பிரிந்து போகும். சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்து ஜனத்துக்கு அந்தப் பக்கத்து ஜனம் தெரியாது. காரணம், சாதி. நடுவில் இருந்த தடுப்பை 1910இல் பாதிரியார் இடித்தார். இடித்தது தப்பு, எங்கள் உரிமை போச்சு என்று உயர்ந்த சாதி என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு மதராஸ் ஹைகோர்ட் வரை ஏறி, தோற்றார்கள். காசும் உழைப்பும் கொடுத்தவன் கையில் கோயில் இருக்கும். சில சமயம் கோயிலுக்குள் சுவரும் இருக்கும். இதையும் பார்க்கத்தான் போகவேண்டும். 'வித்தியாசமான கட்டட அமைப்பு' என்று எழுதி வைக்கிற கைடு புத்தகத்தைக் கிழித்துப்போடலாம்.

ராயபுரத்திலிருந்து வடக்கே வந்தால் திருவொற்றியூர். 2022லிருந்து தேரடியிலேயே மெட்ரோ நிற்கிறது. சாக்குச் சொல்ல முடியாது. தியாகராஜர் கோயிலைப் பற்றி நோட்டீஸ்காரர்களுக்குச் சொல்ல நிறைய உண்டு. பாடல் பெற்ற தலம். சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்ட இடம். 'பிரியமாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்யச் சொல்வாள், அந்த நேரம் நீ மகிழமரத்துக்குப் போயிரு' என்று சாமியிடமே சுந்தரர் டீல் பேச, சாமி சரி என்று தலையாட்டிவிட்டு, பெண்ணிடம் 'மரத்தடியில் சத்தியம் கேள்' என்று போட்டுக்கொடுத்த கதை. சத்தியம் மீறினார், கண் போயிற்று. கடவுளையும் கல்யாணத்தையும் பற்றி இத்தனை குறும்பான கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

ஆனால் என் கேள்விக்குப் பதில் அங்கே சுவரில் இருக்கிறது. பல்லவர் காலத்திலிருந்து கல்வெட்டு, பெரும்பாலும் கணக்கு. இன்னார் இவ்வளவு பொன் கொடுத்தார், அதன் வட்டியில் இன்ன விளக்கு எரியவேண்டும் என்று. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் 'சாவா மூவாப் பேராடு'. ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். இடையர் வாங்கிக்கொண்டு தினம் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும்; அது அவர் பாடு. கணக்கில் 90 ஆடு எப்போதும் 90 ஆடுதான். சாவதில்லை, மூப்பதில்லை. காலேஜில் மூலதனத்துக்கு விளக்கம் சொல்ல எங்கள் வாத்தியார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். சோழன் காலத்து ஓலை நாயகம் மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்.

இன்னும் ஒன்று. ராஜேந்திர சோழன் காலத்தில் கருவறையைக் கருங்கல்லால் தூங்கானை மாடமாக எழுப்பிய தச்சன் பேர் அங்கே கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். கட்டச்சொன்னவர் சதுரானன பண்டிதர் என்ற மடாதிபதி. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய தொழிலாளி ஒருவரின் பேர், இன்றைக்குப் பக்கத்து ஒர்க்ஷாப்பில் கூப்பிட்டால் ரெண்டு பேர் திரும்பிப் பார்க்கிற பேர். மெரினா கட்டடங்களுக்குக் கல் செதுக்கியவர்கள் பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?

இங்கேதான் திருப்பணிக்காரர்களோடு எனக்குச் சண்டை. பழசை இடிக்காதே, டைல்ஸ் ஒட்டாதே, பெயின்ட் அடிக்காதே என்று பொதுவாகச் சத்தம் போடுகிற ஹெரிடேஜ் கோஷ்டியில் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வேர்வையில் நனைந்து இரண்டு மணி நேரம் நிற்கிறவன் ஃபேன் கேட்டால், 'வளைவின் அழகு கெடும்' என்று சொல்ல வருஷத்துக்கு ஒரு தடவை கேமராவோடு வருகிறவனுக்கு யோக்கியதை இல்லை. காசு கொடுக்கிறவர்கள் அவர்கள். கிரானைட் போடட்டும். ட்யூப்லைட்டில் 'உபயம்' எழுதி வெளிச்சத்தை மறைக்கட்டும். அதுவும் ஒரு கல்வெட்டுதான். ஒன்றை மட்டும் தொடாதீர்கள் என்கிறேன், பழைய உபயத்தை. எழுத்து இருக்கிற கல்லைக் குப்புறப் போட்டுப் படிக்கட்டாக்குவது, கல்லறைக் கல்லைப் பெயர்த்து சிமென்ட் பூசுவது, பழைய ஞானஸ்நான நோட்டைச் செல்லரிக்க விடுவது. இதெல்லாம் சர்ச், கோயில், மசூதி மூன்றிலும் நடக்கிறது. புது உபயதாரர் தன் பேரை எழுத, முந்தியவர் பேரை அழிக்கிறார். இன்னும் முப்பது வருஷத்தில் தன் பேருக்கும் அதே கதிதான் என்பது அவருக்கு ஏனோ தோன்றுவதில்லை.

கடைசியாக என் ஊர். மணலி புதுநகர் என்று பேரிலேயே 'புது' இருக்கிறது; எந்த ஹெரிடேஜ் பட்டியலிலும் வராது. ஆனால் புரட்டாசியில் இங்கே அய்யா வைகுண்ட தர்மபதியில் தேர் ஓடும்போது டி.பி.பி. ரோட்டு டிரெய்லர் லாரிகளும் நின்றுதான் போகவேண்டும். கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கடை வைத்துக் காலூன்றிய ஜனங்களின் பதி. அய்யா வைகுண்டர் 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் சீமையில், தோளில் துண்டு போடவும் தலையில் துணி கட்டவும் உரிமை இல்லாத மக்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடு என்று சொன்னவர். கருவறையில் சிலை கிடையாது, கண்ணாடி. போய் நின்றால் உங்கள் முகம்தான் தெரியும்.

வயசு என்ன என்று கேட்டால் இந்தப் பதிக்கு மார்க் கிடைக்காது. யார் காசு என்று கேட்டால், ராயபுரத்துப் படகோட்டிகள் கட்டிய கோயிலுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய இடம் இது. அவர்கள் அலையில் கப்பல் சரக்கு இறக்கிச் சேர்த்தார்கள், இவர்கள் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிச் சேர்த்தார்கள். ராயபுரத்தில் சுவருக்குப் பூச்சு காயாத நாளில் யாராவது துரை குதிரையில் அந்தப் பக்கம் போயிருந்தால், 'புதுசு, பார்க்க ஒன்றும் இல்லை' என்றுதான் அவனும் எழுதியிருப்பான்.

போகிறவர்களுக்கு இரண்டொரு தகவல். ராயபுரம் சர்ச்சுக்கு ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். மத்தியானத்துக்கு மேல் போய், யாராவது வயசானவரிடம் பேச்சுக் கொடுங்கள். பங்குச் சாமியாரைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரர் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் திறப்பார்கள், கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். எங்கள் ஊர்ப் பதிக்கு வருகிற ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும். தலையில் கட்ட ஒரு துண்டு எடுத்து வாருங்கள்.